மின்சார மோட்டார்ஹோம் போய்ச் சேருமா? ஒரு யாழ்ப்பாணக் கணக்கு

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று நோர்வேயிலிருந்து மச்சான் குடும்பமாக வந்து எங்கள் வீட்டில் நின்றார். ஒரு பின்னேரம் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் கேட்டாள்: "மாமா, எங்கட கார் கரண்ட் கார். பக்கத்து வீட்டாக்களின்ட காரும் கரண்ட்தான். ஆனா லீவுக்கு அப்பா வாடகைக்கு எடுக்கிற மோட்டார்ஹோம் மட்டும் ஏன் இன்னும் டீசல்?"

மச்சான் உடனே, "அது போய்ச் சேராது பிள்ளை" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போய்ச் சேராது என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு தூரம், என்ன வேகம், எவ்வளவு பாரம் என்று கேட்கத்தான் மனம் வரும். அன்றிரவு மூன்று பேருமாகக் கொப்பியை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். அதைத்தான் இங்கே ஆறுதலாக விரித்து எழுதுகிறேன்.

பிள்ளை கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 வீதம் முழு மின்சாரக் கார்கள். மின்சாரக் காருக்கு அவ்வளவு பழகிய நாட்டிலேயே மோட்டார்ஹோம் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது என்றால், பழக்கதோஷம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் கரவன் என்றால் நிசான் கரவன் வான்தான் ஞாபகத்துக்கு வரும். மேற்கு நாடுகளில் கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, எஞ்சின் இல்லாத வீட்டுப் பெட்டி. மோட்டார்ஹோம் அப்படியல்ல. ஒரு வானின் அல்லது சின்ன லொறியின் சசிக்கு மேலே கட்டில், குசினி, பிரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி, சின்னக் கழிவறை எல்லாம் வைத்துக் கட்டிய வீடு. தானே ஓடும். ஐரோப்பாவில் ஓடுகிறவற்றில் பல ஃபியற் டுக்காற்றோ, ஃபோர்ட் ட்ரான்சிற், மெர்சிடிஸ் ஸ்பிரின்ரர் போன்ற வான்களின் மேல் கட்டப்பட்டவை.

இந்த வண்டிக்கு இரண்டு வேலை. பகலில் ஓட வேண்டும், இரவில் வீடாக இருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால், வீட்டு வேலைக்குக் கரண்ட் சுகமாகப் போதும். கஷ்டமெல்லாம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கஷ்டமும் எல்லா ஊருக்கும் ஒரே அளவு இல்லை.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு?

கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான் இங்கேயும் அளவுகோல். 1,000 வாட் அயன் பொக்ஸ் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். புத்தகத்தில் இதைக் கிலோவாட் மணி என்று எழுதுவார்கள். கிலோவாட் என்பது குழாய் திறந்திருக்கிற அளவு. யூனிட் என்பது வாளியில் சேர்ந்த தண்ணீர். இந்த இரண்டையும் மாறாடாமல் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான்.

என் வயதுக்காரருக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். அந்தச் சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 3 வாட். அதில் ஒரு யூனிட் சேர்ப்பதென்றால் 330 மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். நித்திரை கொள்ளாமல் இரவு பகலாக இரண்டு கிழமை.

அதே காலத்தில்தான் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒரு போத்தல் எண்ணெய்க்குள் எவ்வளவு சக்தி அடைந்து கிடக்கிறது என்று எங்கள் ஊருக்கு அப்போதே தெரியும். இரண்டு கிழமை கை நோகச் சுற்றியும் சேராத சக்தியை அந்தப் போத்தல் சத்தமில்லாமல் வைத்திருந்தது.

ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. 80 லீற்றர் தாங்கி என்றால் 800 யூனிட். டீசல் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மிச்சம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். அப்படிப் பார்த்தாலும் 260 யூனிட் அளவு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மின்மோட்டார் இதில் கெட்டிக்காரன், பற்றரியில் இருப்பதில் 85 வீதத்துக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கும். என்றாலும் அந்த 260ஐக் கொடுக்க 300 யூனிட் பற்றரி வேண்டும். இன்றைய பற்றரியில் 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய 600 கிலோ பாரம் வரும். 300 யூனிட் என்றால் 1,800 கிலோ. 80 லீற்றர் டீசலோ 70 கிலோவுக்கும் குறைவு.

மச்சான் சொன்ன போய்ச் சேராது என்பதன் வேர் இதுதான். டீசல் தாங்கிக்குச் சமமான பற்றரியை யாரும் மோட்டார்ஹோமில் வைப்பதில்லை. வைத்தால் வண்டி தன் பற்றரியைச் சுமப்பதற்காகவே ஓடும். அதனால் 60, 70, 100 யூனிட் என்று வைத்துவிட்டு, வழியில் நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

காற்றைத் தள்ளுகிற வேலை

சரி, 70 யூனிட் பற்றரியில் எவ்வளவு தூரம் போகலாம்? எல்லாரும் ஒற்றை எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் காரைவிட மோட்டார்ஹோமின் தூரம் வேகத்தைப் பொறுத்துப் பயங்கரமாக மாறும்.

காரின் முகம் இரண்டு சதுர மீற்றர் சொச்சம். கூரை உயர்ந்த மோட்டார்ஹோமின் முகம் ஆறு சதுர மீற்றர் வரும். ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதுவும் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு.

நாங்கள் கொப்பியில் போட்ட கணக்கு இது. மூன்றரைத் தொன் பாரம், ஆறு சதுர மீற்றர் முகம், மட்டமான வீதி. 60 கிலோமீற்றர் வேகத்தில் நூறு கிலோமீற்றருக்கு 25 யூனிட் அளவு போகும். 80இல் 36. 100இல் 50. ஆக அதே வண்டி, அதே 70 யூனிட் பற்றரி, 60இல் ஓடினால் 280 கிலோமீற்றர் போகும். 80இல் 195. 100இல் வெறும் 140. கூரையின் வடிவமும் ரயரும் காற்றின் திசையும் இந்த எண்களைக் கொஞ்சம் அங்கே இங்கே ஆட்டும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது.

இது வெறும் கொப்பிக் கணக்கு இல்லை. ஃபோர்டின் மின்சார ட்ரான்சிற் வான் 2022இல் சந்தைக்கு வந்தபோது, பயன்படுத்தக்கூடிய பற்றரி 68 யூனிட். கூரை தாழ்ந்த வெறும் வானுக்கு அமெரிக்காவில் சொன்ன தூரம் 126 மைல், எங்கள் அளவில் 200 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். அந்த வானை அடியாக வைத்து வின்னபேகோ நிறுவனம் 2023 ஜனவரியில் காட்டிய மாதிரி மோட்டார்ஹோமுக்குச் சொன்ன தூரம் 108 மைல், அதாவது 174 கிலோமீற்றர். கட்டிலும் குசினியும் உயர்ந்த கூரையும் ஏறியதும் தூரம் குறைகிறது.

இப்போது யாழ்ப்பாணத்தை யோசித்துப் பாருங்கள். ஏ9 வீதியில் மணிக்கு 70க்கு மேல் போக அனுமதி இல்லை. சாவகச்சேரி, கொடிகாமம், பளை, கிளிநொச்சி என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். அங்கே இன்னும் குறையும். ஆனையிறவு தாண்டினாலும் வவுனியா வரைக்கும் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளிரும் இல்லை. நோர்வேயில் மாரிக்குளிரில் ஒரு மின்சார வாகனம் கால்வாசித் தூரத்தை, சிலவேளை அதற்கும் மேலே இழக்கும். பற்றரி குளிர்ந்தால் மந்தமாகும், உள்ளே சூடாக்கவும் அதே பற்றரிதான் கொடுக்க வேண்டும். மேற்கு நாடுகளில் குறையாகச் சொல்லப்படுகிற வேகம், மலை, குளிர் மூன்றும் எங்கள் பக்கத்தில் இல்லை. பௌதிகத்தின்படி பார்த்தால் மின்சார மோட்டார்ஹோமுக்கு வன்னி வீதியைப் போல வாய்ப்பான வீதி குறைவு. இதை நான் மச்சானுக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

மலையைப் பற்றியும் ஒரு சொல். மூன்றரைத் தொன் வண்டியை ஆயிரம் மீற்றர் ஏற்ற ஏறக்குறைய 11 யூனிட் வேண்டும். நுவரெலியா வரை என்றால் 20 யூனிட். பயப்படுகிற எண்தான். ஆனால் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகி அதில் பாதிக்கு மேலே திருப்பித் தரும், பிரேக்கும் சூடாகாது. டீசல் வண்டிக்கு அந்த வரவு கிடையாது.

பாரம் என்கிற உண்மையான முட்டுக்கட்டை

தூரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் ஐரோப்பாவில் பெரிய தடையாகத் தெரிகிறது.

அங்கே சாதாரணக் கார் லைசென்சில் ஓட்டக்கூடிய வாகனத்தின் மொத்தப் பாரம் 3,500 கிலோ வரைக்கும்தான். வண்டி, ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து. டீசல் மோட்டார்ஹோம் ஒன்று வெறுமையாகவே 3,000 கிலோவை நெருங்கிவிடும். மிச்சம் 500 கிலோ. அதற்குள் நாலு பேர் ஏற வேண்டும். 100 லீற்றர் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ. காஸ் சிலிண்டர், சைக்கிள், உடுப்பு, மச்சான் வீட்டு அரிசி மூட்டை எல்லாம் வேறு. இப்போது டீசல் எஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கியையும் கழற்றிவிட்டு 600 கிலோ பற்றரியை வையுங்கள். கழற்றியதற்கும் வைத்ததற்கும் கழித்துப் பார்த்தால் 200, 300 கிலோ மேலதிகம். அந்த அளவுக்கு ஆளையோ சாமானையோ இறக்க வேண்டும்.

மின்சார வாகனங்களுக்கு இந்த எல்லையை 4,250 கிலோவாக உயர்த்தும் ஏற்பாடு ஐரோப்பாவில் வந்துகொண்டிருக்கிறது. அது முழுதாக வழக்கத்துக்கு வந்தால் நிலைமை மாறும். அதுவரைக்கும், சட்டத்துக்குள் நிற்கவேண்டும் என்றே பல நிறுவனங்கள் சின்னப் பற்றரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்புறம் தூரம் போதாது என்ற பேச்சு வருகிறது.

மடம் இருந்தால் மாடு போய்ச் சேரும்

என் அம்மம்மா வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாட்டு வண்டிலில் போன கதையை அடிக்கடி சொல்லுவார். கூடாரம் போட்ட வண்டில். உள்ளே பாய், பானை, அரிசி, தேங்காய். நினைத்துப் பார்த்தால் அதுவும் ஓடுகிற வீடுதான். மாடு ஒரே மூச்சில் வற்றாப்பளை போய்ச் சேருமா என்று யாரும் கேட்டதில்லை. எந்த மடத்தில் தங்குவது, எந்தக் கேணியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என்றுதான் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் என்று வரிசையாகக் கட்டி வைத்தார்கள். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. களைக்கிற வாகனத்துக்கு ஏற்றபடி வீதியை அமைத்திருந்தார்கள். களைக்காத லொறியும் பஸ்ஸும் வந்த பிறகுதான் மடங்கள் பாழடைந்தன.

மின்சார மோட்டார்ஹோமுக்கும் கேள்வி அதேதான். மடம் எங்கே?

இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று வழியில் கெதியாக நிரப்புவது. நான் சொன்ன மின்சார ட்ரான்சிற் 115 கிலோவாட் வரைக்கும் வாங்கும். பற்றரியை 15 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு ஏற்ற 34 நிமிடம் என்று நிறுவனம் சொல்கிறது. ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போய்வரும் நேரம். ஆனால் அந்தச் சார்ஜர்கள் காருக்கென்று அளந்து கட்டப்பட்ட இடத்தில் இருக்கும். ஏழு மீற்றர் நீள வண்டியை உள்ளே விட்டால் வால் வீதியில் நிற்கும். மச்சான் நேரில் கண்ட சங்கடம் இது: போன கோடையில் ஒரு சார்ஜர் நிலையத்தில் மின்சார மோட்டார்ஹோமோடு வந்த ஒரு குடும்பம், மூன்று காருக்கான இடத்தைக் குறுக்கே மறித்து நிறுத்திவிட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

மற்றது இரவில் ஆறுதலாக நிரப்புவது. எனக்கு இதில்தான் நம்பிக்கை. கார் எங்கேயும் நிற்கலாம், மோட்டார்ஹோம் இரவில் கட்டாயம் ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அதுவும் பெரும்பாலும் கரண்ட் கொடுக்கிற முகாம் திடலில், அதாவது லீவுக்கு வருகிறவர்கள் தங்குகிற கேம்பிங் இடத்தில். ஐரோப்பிய முகாம் திடல்களில் கிடைக்கும் பிளக் 6, 10 அல்லது 16 அம்பியர். 230 வோல்ற்றால் பெருக்கிப் பாருங்கள்: 6 அம்பியரில் 1.4 கிலோவாட், 16 அம்பியரில் 3.7 கிலோவாட். 3.7 கிலோவாட்டில் 12 மணி நேரம் நின்றால் 44 யூனிட். 80இல் ஓடினால் 120 கிலோமீற்றருக்குப் போதும். 6 அம்பியர் என்றால் 16 யூனிட், 45 கிலோமீற்றர். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய மோட்டார்ஹோம்களுக்கென்று 50 அம்பியர் பிளக் பல திடல்களில் இருக்கிறது. அது 12 கிலோவாட் தாங்கும். ஒரே இரவில் பற்றரி நிரம்பிவிடும். ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் இதில் பாக்கியசாலிகள். ஆனால் முகாம் திடலின் கம்பிகள் பிரிட்ஜுக்கும் லைட்டுக்கும் என்று போடப்பட்டவை. பத்து வண்டி ஒரே நேரத்தில் முழு அளவில் இழுத்தால் தாங்காது. அதனால் வாகனப் பற்றரிக்குச் சார்ஜ் போடவே கூடாது என்று தடுக்கிற திடல்களும் உண்டு. வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வீட்டுச் செலவு

கரண்டில் சமைத்து, ஏசி போட்டுப் படுத்தால் காலையில் வண்டி ஓடுமா? இதுதான் எல்லாரும் பயப்படுகிற இடம். நான் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். நல்ல பிரிட்ஜ் ஒன்று நாளுக்கு ஒரு யூனிட்டைச் சுற்றி எடுக்கும். எல்ஈடி லைட், தண்ணீர் மோட்டார், ஃபான், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து இன்னொரு யூனிட் வராது. மின்னடுப்பில் இரண்டு நேரச் சமையல் இரண்டு யூனிட். இரவு எட்டு மணி நேரம் சின்ன ஏசி விட்டு விட்டு ஓடினால் நாலைந்து யூனிட். எல்லாம் கூட்டினாலும் எட்டு, ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கும். 80இல் ஓடினால் அது 25 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம். ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்க வசதியாக இருந்த செலவு அவ்வளவுதான்.

குளிர் நாட்டில் மட்டும் இது மாறும். பனிக்காலத்தில் இரவு முழுக்க இரண்டு கிலோவாட்டில் சூடாக்கினால் 24 யூனிட் போய்விடும். அதனால்தான் அங்கே சூட்டுக்கு மட்டும் டீசலோ காஸோ வைத்துக்கொள்கிறார்கள்.

கூரையில் சோலர் போட்டால் சும்மா ஓடலாமே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். மோட்டார்ஹோம் கூரையில் யன்னல், ஏசி எல்லாம் போக ஒரு கிலோவாட் பனல் பொருத்தலாம். எங்கள் வெயிலில் அது நாளுக்கு நாலு யூனிட் தரும். ஓட்டத்துக்கு 11 கிலோமீற்றர். வீட்டுச் செலவுக்கோ பாதி. ஏசி இல்லாத நாளில் முழுச் செலவுமே அதற்குள் முடிந்துவிடும். ஆகவே சோலரை வீட்டுக்கென்று போடுங்கள், ஓடுவதற்கென்று எண்ணாதீர்கள்.

அப்படிச் சொல்லும்போது ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஐந்தோவன் பல்கலைக்கழக மாணவர்கள் 2021இல் ஸ்ரெல்லா வீற்றா என்ற சூரிய மோட்டார்ஹோமைக் கட்டி, ஸ்பெயினின் தென்முனையில் இருக்கிற தரிஃபா வரை ஓட்டிப் போனார்கள். நல்ல வெயில் நாளில் 730 கிலோமீற்றர் போகும் என்று கணக்கிட்ட வண்டி அது. எப்படி? பற்றரி வெறும் 60 யூனிட்தான். வண்டியின் பாரமோ 1,700 கிலோ. காற்றை வெட்டும்படி துளி வடிவம். நிற்கும்போது கூரையைத் தூக்கிப் பனலை விரிக்கலாம். பாரத்தையும் முகத்தையும் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று அந்தப் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஹைபிரிட் என்ற பெயரில் மூன்று வேறு சாமான்கள்

எங்கள் ஊரில் ஹைபிரிட் என்றால் பிரியஸ், அக்குவா, வெசல். அந்த அனுபவத்தை வைத்து "மோட்டார்ஹோமிலும் ஹைபிரிட் வந்தால் எண்ணெய் பாதியாகும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது தவறு, காரணத்தோடு விளங்கிக்கொள்ள வேண்டிய தவறு.

பிரியஸ் போன்ற கார்களில் இருப்பது ஒரு யூனிட்டைச் சுற்றிய சின்னப் பற்றரி. பிளக்கில் போட முடியாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சேர்த்து, திரும்ப எடுக்கும்போது கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. கொழும்பு நெரிசலில் நிமிடத்துக்கு இரண்டு தரம் பிரேக் பிடிக்கிறீர்கள், அதனால் மிச்சம். மோட்டார்ஹோம் நீண்ட வீதியில் ஒரே வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. பிரேக் பிடிப்பதே அரிது. சேர்க்க ஒன்றும் இல்லாதபோது உண்டியல் எதற்கு?

இரண்டாவது, பிளக்கில் போடுகிற ஹைபிரிட். ஃபோர்ட் நக்கெற், ஃபொக்ஸ்வாகன் கலிபோர்னியா போன்ற சின்ன முகாம் வான்களில் இப்போது வருகிறது. பக்கத்து ஊர்த் தூரத்தைக் கரண்டில் ஓடி, மிச்சத்தைப் பெற்றோலில் போகலாம். வாரநாளில் கடைக்கும் வேலைக்கும் ஓடி, லீவில் படுக்கையாகிற வண்டி என்றால் பொருந்தும். நெடும்பயணத்துக்கே வைத்திருக்கிற பெரிய வண்டிக்கு, இரண்டு இயந்திரத்தையும் சுமக்கிற பாரம்தான் மிச்சம்.

மூன்றாவதுதான் மோட்டார்ஹோமுக்கென்றே அமைந்தது என்று நினைக்கிறேன். சக்கரத்தை எப்போதும் மின்மோட்டாரே சுற்றும். எஞ்சின் ஜெனரேற்றராக மட்டும் இருந்து பற்றரியை நிரப்பும். லண்டன் ரக்சி செய்கிற எல்ஈவிசி நிறுவனம் 2021இல் அறிவித்த முகாம் வான் இந்த வகை: 31 யூனிட் பற்றரி, கரண்டில் மட்டும் 60 மைலுக்கு மேல், பெற்றோல் ஜெனரேற்றரோடு 300 மைலுக்கு மேல். 2024இல் அமெரிக்காவின் தோர் நிறுவனம் ஹார்பிஞ்சர் நிறுவனத்தோடு சேர்ந்து இதே வழியில் ஒரு பெரிய மோட்டார்ஹோமைக் காட்டியது: 140 யூனிட் பற்றரி, மொத்தம் 500 மைல். சார்ஜர் இல்லாத இடத்தில் அந்தரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஜெனரேற்றரும் அதுவே. குறை என்னவென்றால், பழுதுபார்க்க இரண்டு தொழிலும் தெரிந்த ஆள் வேண்டும், விலையும் இரண்டுக்கும் சேர்த்து.

சூடும் உப்பும்

எங்கள் பக்கத்துக்கே உரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. பழைய நிசான் லீஃப் கார்களை வாங்கி, சில வருடத்தில் தூரம் பாதியாகக் குறைந்ததைக் கண்டவர்கள் "எங்கட வெயிலுக்குப் பற்றரி தாங்காது" என்பார்கள். அவர்கள் கண்டது உண்மை. அந்தக் காரின் பற்றரியைத் தண்ணீரால் குளிர்த்துகிற ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் அரிசோனா வெயிலிலும் 2012இல் இதே முறைப்பாடு எழுந்தது. இப்போது வருகிற மின்சார வான்களில் பற்றரிக்குள் குளிர்த்தும் திரவம் ஓடுகிறது. ஆகவே வெயிலைப் பற்றிய பயத்தை எல்லா வண்டிக்கும் பொதுவாக்க வேண்டாம். பாவித்த வண்டி வாங்குகிறவர்கள் பற்றரியின் மிச்சக் கொள்ளளவை அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

எனக்கு வெயிலைவிடக் கடற்காற்றின் உப்பும் கார்த்திகை மழை வெள்ளமும்தான் கவலை. பற்றரி பெட்டி சீல் செய்யப்பட்டிருக்கும். ஆனால் பிளக்கின் பித்தளையும் சசியின் இரும்பும் உப்புக்குத் தப்பாது. கசூரினாக் கடற்கரையில் ஒரு கிழமை நிறுத்தினால் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவிவிட வேண்டும்.

கரண்ட் கட்டுக்கு இந்த வண்டி மருந்தும்கூட. 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மாதம் 90 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 70 யூனிட் பற்றரி மூன்று கிழமை காணும். பற்றரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கிற வசதி எல்லா வண்டியிலும் இல்லை. மின்சார ட்ரான்சிற் போன்ற சிலவற்றில் இரண்டு கிலோவாட் சொச்சம் எடுக்கலாம்.

மச்சானின் பயணம், பிள்ளையின் பயணம்

கடைசியாக, கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மச்சானின் திட்டம் அடுத்த கோடையில் ஒஸ்லோவிலிருந்து நோர்வேயின் வடகோடியில் இருக்கிற வடமுனைக்குப் போய் வருவது. போக ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர், வர 2,000. லீவு மூன்று கிழமை. நாளுக்கு 200 கிலோமீற்றர் விழுகிறது. இரவில் 16 அம்பியர் பிளக் கிடைத்தால் 120 கிலோமீற்றர் வரும், பகலில் ஒரு தரம் கெதியாக நிரப்பினால் மிச்சம் வரும். போய்ச் சேரும். ஆனால் ஒரு நாளும் ஓரிடத்தில் சும்மா நிற்க முடியாது, பிளக் இல்லாத ஒரு இரவு முழுத் திட்டத்தையும் குழப்பும். "இந்த முறை அப்பா டீசலே எடுக்கட்டும் பிள்ளை, அவர் சொன்னதில் பாதி சரி" என்றேன். தெற்குக் கரைக்கு 300 கிலோமீற்றர் போய் ஒரு கிழமை நின்று வருவதென்றால் மின்சார வண்டியையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அவள் விடவில்லை. "அப்ப இங்க?" என்றாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். 70 யூனிட் வண்டி எங்கள் வேகத்தில் 230, 240 போகும். அனுராதபுரம் தாண்டி ஓரிடத்தில் நல்ல சார்ஜர் வேண்டும். தெற்கில் இருக்கிற நெருக்கத்துக்குச் சார்ஜர்கள் வடக்கில் இல்லை. புறப்பட முன்பே எது வேலை செய்கிறது, எங்கள் வண்டியின் பிளக் அதற்குப் பொருந்துமா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவதுதான் புத்தி. பழைய லீஃபுக்கென்று வைத்த சார்ஜரின் பிளக் ஐரோப்பிய வானுக்குப் பொருந்தாது. சங்குப்பிட்டிப் பாலத்தால் மன்னார் போவதென்றால் நூறு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். ஒரே சார்ஜில் போய்த் திரும்பி வரலாம், அதிகம் சுற்றாவிட்டால்.

குடாநாட்டுக்குள் கணக்கே தேவையில்லை. கீரிமலை, காங்கேசன்துறை, வல்லிபுரம், பருத்தித்துறை, மணற்காடு, காரைநகர் என்று ஒரு கிழமை சுற்றினாலும் 150, 200 கிலோமீற்றர்தான் வரும். வீட்டுச் செலவையும் சேர்த்து, நடுவில் ஒரு இரவு வீட்டு முற்றத்தில் நிரப்பினால் போதும். கட்டில் போட்ட மின்சார வான் ஒன்றை யாராவது இங்கே வாடகைக்கு விட்டால் ஆவணியில் வருகிற எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் நிரப்புவதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு. கிணற்று மோட்டாரும் அதில்தான். சாதாரண பிளக்கில் நீட்டு வயர் கொழுவி இரவு முழுக்க இழுத்தால் பிளக் உருகும். மெயினிலிருந்து தனி வயர், நல்ல எர்த், தனி ட்ரிப் சுவிச் மூன்றும் வேண்டும். 16 அம்பியர் போதும். இரவில் கிணற்று மோட்டார் ஓடாது.

மச்சான் இப்போது மறு ஆவணியைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளை வட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: ஒரு வான், கூரையில் சோலர், பக்கத்தில் எங்கள் மாமரம். மின்வேலை செய்கிற தம்பியைக் கூப்பிட்டு, மெயினிலிருந்து மாமரத்தடி வரை எத்தனை மீற்றர் வயர் வேண்டும் என்று அளந்து பார்த்தோம். 22 மீற்றர் வருகிறது.